இறங்கும் முறை இரண்டாம் பாகத்தில்

முக்காலிபாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். முட்டாளுக்கு அடையாளம் சொன்ன பேச்சைக் கேட்காமல் இருப்பது. இவர்களோ சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். எவ்வளவு சொன்னார்களோ அவ்வளவும் கேட்பார்கள், அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூடத் தாங்களாக யோசிக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட ஒழுங்கான ஜனங்களை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் புதிதாக எந்தச் சாமான் வந்தாலும், அதைத் தொடுவதற்கு முன்னால் அதோடு வந்த கையேட்டைப் பால் சொசைட்டிக் கட்டடத்தில் வைத்து அட்டை முதல் அட்டை வரை உரக்கப் படிப்பார்கள். படிக்கிற பொறுப்பு கிட்டுசாமிக்கு. அச்சகத்தின் பின்கோடு வரைக்கும் படித்து முடித்த பிறகுதான் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். அதற்குப் பிறகு கையேட்டை மாரியம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிடுவார்கள். ‘எதிர்காலத் தேவைக்காகப் பத்திரமாக வைத்திருக்கவும்’ என்று எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கிறதே, ஊரில் உண்டியலைவிடப் பத்திரமான இடம் ஏது?

இதனால் ஊருக்கு வந்த நன்மைகள் கொஞ்சநஞ்சமல்ல. சொசைட்டித் தலைவர் ஆறுக்குட்டி வீட்டுக் கிரைண்டர் பரண்மேல் இருக்கிறது, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தபடியால். அவர் மனைவி தினமும் ஊறவைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறுகிறாள், மாவோடு இறங்குகிறாள். ராமாத்தாள் வீட்டு ஃபிரிட்ஜ் நான்கு வருடமாக அட்டைப் பெட்டிக்குள்ளேயே நிற்கிறது. ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்புக்குறி போட்டிருப்பது அந்த அட்டையில்தான். அட்டையைப் பிரித்துவிட்டால் எந்தப் பக்கம் மேலே என்று அப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

இந்த ராமாத்தாளின் தம்பிதான் நாச்சிமுத்து, கிட்டுசாமி அவனுக்கு மச்சான் முறை. வயது முப்பத்தாறு. நாற்பது தென்னை உண்டு, நல்ல குணம் உண்டு, பெண்டாட்டிதான் இல்லை. பதினைந்து வரன்கள் வந்து பதினைந்தும் தட்டிப் போயின. ஒரு தடவை பெண் வீட்டுக்குப் போகும்போது தரகர், “அங்க போயி வாயத் தெறக்காதீங்” என்று சொல்லிவிட்டார். நாச்சிமுத்து திறக்கவில்லை. காப்பியும் உள்ளே போகவில்லை, பஜ்ஜியும் உள்ளே போகவில்லை. பெண்ணின் தாத்தா பேர் கேட்டதற்கு மூக்கால் பதில் சொன்னான். அந்த வரனும் போயிற்று.

பதினாறாவதாக வந்தது பெரிய தோட்டத்துக்காரர் சென்னியப்பனின் மகள் செல்வநாயகி. கோயமுத்தூரில் ஏதோ கம்பெனியில் வேலை. சென்னியப்பன் நிலபுலம் எதுவும் கேட்கவில்லை, ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “மரமேற ஆள் சிக்காத காலமாப் போச்சு. சொந்த மரத்துல சொந்தமா ஏறி எளநி போட்டுக் குடுக்கறவனுக்குத்தான் என்ற புள்ளய குடுப்பேன். புதன்கெழம பத்தரைக்கு வர்றோம். எளநி போட்டு வெக்கச் சொல்லுங்.” பெண்ணும் கூட வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறதாம்.

தரகர் காட்டிய போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. பெண் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ‘நான் சொல்வதை யாராவது கேட்பீர்களா?’ என்கிற மாதிரி ஒரு பார்வை. இதுவும் தட்டிப் போனால் பதினேழாவது வரன் வராது என்று அவனுக்குத் தெரியும். ஏணியில் நாலு படி ஏறினாலே தலை சுற்றுகிறவன் அவன்.

ஆனால் விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறதே! பொள்ளாச்சிக் கடையில் மரமேறும் கருவி ஒன்று வாங்கி வந்தான். இரண்டு இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிப் பிடிக்க ஓர் இரும்புக் கயிறு. மேல் சட்டத்தில் உட்கார இருக்கை, கீழ்ச் சட்டத்தில் கால் மாட்ட வளையம். உட்கார்ந்துகொண்டு காலால் கீழ்ச் சட்டத்தைத் தூக்க வேண்டும், எழுந்து நின்று கையால் மேல் சட்டத்தைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னார். அவருக்கு முக்காலிபாளையம் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சொசைட்டியில் கையேடு படிக்கப்பட்டது.

“ஏறுமுன் நீண்ட கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொள்ளவும்” என்று படித்தார் கிட்டுசாமி.

ஆறுக்குட்டி நாச்சிமுத்துவின் தலையைப் பார்த்தார். போன வாரம்தான் ஒட்ட வெட்டியிருந்தான். “அரை இஞ்சுகூட இல்லியேப்பா. கூந்தல் இருந்தாத்தான முடியறதுக்கு?”

“இருந்தான்னு போடலீங்ணா. முடிந்துகொள்ளவும்னு போட்டிருக்குது.”

“அப்பப் புதன்கெழமைக்குள்ள வளத்தோணும்.”

“வளருமுங்ளா?” என்று கேட்டான் நாச்சிமுத்து.

கொஞ்ச நேரம் எல்லோரும் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளரவில்லை. கடைசியில் ராமாத்தாள்தான் எழுந்து போய்த் தன் சவுரிமுடியைக் கொண்டுவந்தாள். அதைத் தம்பியின் தலையில் வைத்துத் துண்டால் கட்டி, எட்டு ஊசி குத்தி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொண்டை போட்டுவிட்டாள். பரவாயில்லை, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அடுத்தது, தளர்ந்த ஆடை கூடாது. வேட்டி தளர்ந்த ஆடை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆறுக்குட்டி பத்தாவது படிக்கும்போது போட்ட காக்கிக் கால்சட்டை ஒன்று வீட்டில் இருந்தது. அதற்குள் நாச்சிமுத்துவை இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

அதற்கடுத்தது, ‘நேராக நிற்கும் மரத்தில் மட்டுமே பயன்படுத்தவும்.’ கொத்தனாரிடமிருந்து தூக்குக் குண்டு வாங்கி வந்து நாற்பது மரங்களையும் அளந்தார்கள். முப்பத்தொன்பது மரங்கள் வாய்க்கால் பக்கம் சாய்ந்திருந்தன. மூலையில் இருந்த ஒரே ஒரு மரம் நூல் பிடித்த மாதிரி நின்றது. நாற்பது அடி உயரம். பாளை விடுமே தவிர, அது ஒரு குரும்பையைக்கூடக் காயாக்கியதில்லை.

“மச்சான், இதுல எளநியே கெடையாதே?” என்றான் நாச்சிமுத்து.

“காய்க்கற மரமா இருக்கோணும்னு எங்கியும் போடல மாப்ள” என்றார் கிட்டுசாமி. “நீ மொதல்ல ஏறு. எளநியப் பத்திக் கடைசிப் பக்கத்துல போட்டிருப்பான்.”

கடைசிப் பக்கத்தில், ‘மேலும் விவரங்களுக்கு எங்கள் காணொளியைப் பார்க்கவும்’ என்று மட்டும் போட்டிருந்தது.

காணொளியை நாச்சிமுத்துவின் கைபேசியில் போட்டுப் பார்த்தார்கள். தொப்பி போட்ட ஒருவர் மரத்தில் ஏறினார். பேசியது ஒரு பெண் குரல். வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுத்த மாதிரி இருந்தது அந்தக் குரல். “அவசரம் வேண்டாம். உங்கள் உயிர் எங்களுக்கு முக்கியம்” என்று அது சொன்னபோது நாச்சிமுத்து படத்தை நிறுத்தி அதை மட்டும் இன்னொரு தரம் கேட்டான். முப்பத்தாறு வருடத்தில் அவன் உயிர் முக்கியம் என்று யாரும் சொன்னதில்லை. அக்காகூட, “எருமைக்குத் தண்ணி காட்டிட்டியா?” என்றுதான் கேட்பாள். செவ்வாய்க்கிழமைக்குள் அதைப் பத்தொன்பது தடவை பார்த்துவிட்டான். ஐந்தாவது நிமிடத்தில் அந்தக் குரல் ஒரு தரம் இருமும். அவனும் இருமிப் பழகிக்கொண்டான்.

காணொளி உச்சிக்குப் போனதும் முடிந்துவிடும். “இறங்கும் முறையை இரண்டாம் பாகத்தில் காண்போம். நன்றி, வணக்கம்.”

“ரெண்டாம் பாகத்தையும் இப்பவே பாத்துரலாமுங்ளா?” என்று கேட்டான்.

கிட்டுசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “மொதப் பாகத்துல சொன்னதச் செஞ்சு முடிச்சியா? முடிக்காம எப்படி ரெண்டுக்குப் போறது? ஒண்ணாங்கிளாஸ் படிக்காம ரெண்டாங்கிளாஸ் போவியா?” நியாயமான பேச்சு.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, கொண்டையும் காக்கிக் கால்சட்டையுமாக நாச்சிமுத்து கருவியில் உட்கார்ந்தான். கைபேசியை மேல் சட்டத்தில் ரப்பர் போட்டுக் கட்டியிருந்தது. குரல் சொல்லச் சொல்ல உட்கார்ந்தான், காலைத் தூக்கினான், எழுந்தான், கையைத் தூக்கினான். பயத்தில் உள்ளங்கால் வேர்த்தது. ஆனால் அவசரம் வேண்டாம் என்று குரல்தான் சொல்லிவிட்டதே.

பத்தடி போனதும் படம் நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“மச்சான், என்னமோ சுத்தச் சொல்லுதுங்!”

கீழே ஆலோசனை நடந்தது. “மரத்தச் சுத்தறதா, தலையச் சுத்தறதா?” என்று கேட்டார் ஆறுக்குட்டி.

“மேல இருக்கறவன் மரத்தச் சுத்த முடியாதுங்ணா. அவன் தலையச் சுத்தட்டும். நாம மரத்தச் சுத்தலாம்.”

அப்படியே செய்தார்கள். நாச்சிமுத்து மேலே தலையைச் சுற்ற, ஊர் கீழே கைகூப்பிக்கொண்டு மரத்தைச் சுற்றியது. பதினோராவது சுற்றில் வட்டம் மறைந்து படம் ஓட ஆரம்பித்தது. “பாத்தியா?” என்றார் கிட்டுசாமி, மூச்சு வாங்க.

இருபதடியில் இன்னொரு சங்கடம். திடீரென்று தொப்பிக்காரரைக் காணோம். ஓர் அம்மாள் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு பால் சட்டி ஒன்றைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அவன் கத்திச் சொன்னதைக் கேட்டு, இது எதற்கு என்று கீழே இருப்பவர்கள் குழம்பவே இல்லை. கருவியில் பிசுக்கு ஏறாமல் இருப்பதற்காக இருக்கும் என்றார் ஆறுக்குட்டி. கயிறு கட்டி ஒரு கரிப்பிடித்த சட்டியும் நாரும் சோப்பும் மேலே அனுப்பினார்கள். இருபதடி உயரத்தில் உட்கார்ந்து நாச்சிமுத்து சட்டியைப் பளபளவென்று தேய்த்தான். ராமாத்தாள் அண்ணாந்து பார்த்து, “ஊட்ல ஒரு நாளு தேச்சிருப்பியாடா?” என்று மூக்கைச் சிந்தினாள்.

ஒன்பது மணிக்கு உச்சியைத் தொட்டான். “வாழ்த்துகள்” என்றது குரல். நாச்சிமுத்து, “நன்றிங்” என்றான். குரல் வணக்கம் சொல்லி முடித்துக்கொண்டது. அவன் கைபேசியில் இரண்டாம் பாகத்தைத் தேடினான். மேலே தேடினான், கீழே தேடினான். ஊறுகாய் போடுவது இருந்தது, மாட்டுக்கு லாடம் அடிப்பது இருந்தது.

“மச்சான், ரெண்டாம் பாகத்தக் காணமுங்!”

கீழே எல்லோரும் கிட்டுசாமியைப் பார்த்தார்கள்.

“இன்னும் எடுக்கலியோ என்னமோ” என்றார் ஆறுக்குட்டி.

“எடுத்தாத்தான எறங்க முடியும்?” என்றார் கிட்டுசாமி.

“தம்பி, பொண்ணு வீட்டுக்காரங்க பத்தரைக்கு வந்துருவாங்கடா!” என்று ராமாத்தாள் கத்தினாள். அது நாச்சிமுத்துவுக்குத் தெரியாதா? கைபேசியில் மணி ஒன்பது பத்து.

ஆறுக்குட்டிக்குத்தான் முதலில் யோசனை வந்தது. “படத்துல அந்த ஆள் மேல போறான். போனத் தலைகீழாப் புடிச்சுப் பாரு. கீழ வருவான்.”

நாச்சிமுத்து பிடித்துப் பார்த்தான். ஆச்சரியம், தொப்பிக்காரர் கீழே வந்துகொண்டிருந்தார்! ஊர் கைதட்டியது. ஆனால் கிட்டுசாமி கையை உயர்த்தி நிறுத்தினார். “மாப்ள, வர்றவனுக்குத் தலை எந்தப் பக்கம் இருக்குது?”

“கீழ் பக்கமுங் மச்சான்.”

“கால்?”

“மேல் பக்கமுங்.”

“அப்ப நீயும் அப்படித்தான் வரோணும்.”

நாச்சிமுத்து முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கையில் முழங்காலை மாட்டிக்கொண்டு வௌவால் மாதிரி அரை நிமிடம் தொங்கினான். தோப்பும் வானமும் இடம் மாறின. காக்கிக் கால்சட்டை பின்பக்கம் டர்ரென்று ஒரு சத்தம் கொடுத்தது. அதற்கு மேல் தாங்காமல் நிமிர்ந்துவிட்டான். கொண்டை மட்டும் அசையவில்லை. எட்டு ஊசி என்றால் சும்மாவா?

பிறகு கிட்டுசாமி கருவி வந்த அட்டைப் பெட்டியில் இருந்த எண்ணுக்குப் பேசினார். “ஏறுவது பற்றி அறிய ஒன்றை அழுத்தவும். புதிய கருவி வாங்க இரண்டை அழுத்தவும்” என்றது பதிவுக் குரல். இறங்குவதற்கு எண்ணே இல்லை. அவர் எதையும் அழுத்தாமல் காத்திருந்ததில் கடைசியாக ஓர் ஆள் பேசினான்.

“கருவிய ஒருக்கா ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க சார்.”

கருவியில் சுவிட்ச் இல்லை. அதனால் ராமாத்தாள் ஓடிப் போய் வீட்டு மெயினை அணைத்துப் போட்டாள். நாச்சிமுத்து அங்கேயேதான் இருந்தான்.

“ஆகலீங். எறங்கற காணொளி எப்பங் வரும்?”

“அதெல்லாம் ஒரு மேடம் பாக்கறாங்க சார். அவங்க இன்னிக்கு லீவு. உங்க புகார எழுதிக்கிட்டேன், ஏதாவது பண்றேன்.”

சரியாகப் பத்தரைக்குக் கார் வந்து நின்றது. சென்னியப்பன் இறங்கினார், செல்வநாயகி இறங்கினாள், சொந்தக்காரர்கள் நாலு பேர் இறங்கினார்கள். ராமாத்தாள் கும்பிட்டு வரவேற்றாள்.

“மாப்ள எங்கீங்?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“மேல இருக்காருங்.”

“மச்சு வீடா?”

“மரமுங்.”

சென்னியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சொன்ன நிபந்தனையைக் காப்பாற்றுகிற பையன்! தோப்புக்குள் வந்து அண்ணாந்து பார்த்தார். கையை நெற்றியில் வைத்து இன்னொரு தரம் பார்த்தார். “மாப்ளயக் காணமே. அந்த உச்சியில சட்டியோட உக்காந்திருக்கற அம்மா யாருங்?”

“அதுதானுங் மாப்ள” என்றார் ஆறுக்குட்டி. “கொண்டை கம்பெனிக்காரங்க போடச் சொன்னதுங்.”

சென்னியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மரத்தை நன்றாகப் பார்த்தார். “இதுல காயே இல்லியே?”

“காய் இருக்கோணும்னு புஸ்தகத்துல போடலீங்.”

“அது சரி. எப்ப எறங்குவாரு?”

“ரெண்டாம் பாகம் வந்ததும் எறங்கிருவாருங்” என்றார் கிட்டுசாமி பணிவாக. விவரம் முழுவதையும் எடுத்துச் சொன்னார். கேட்கக் கேட்க சென்னியப்பனுக்கு முகம் சிவந்தது.

“இதுக்கு என்னத்துக்கய்யா காணொளி? ஏறுன மாதிரியே எறங்கச் சொல்லு!”

“மாப்ள! ஏறுன மாதிரியே எறங்கோணுமாம்!” என்று கத்தினார் கிட்டுசாமி.

பெரியவர் வார்த்தை. நாச்சிமுத்து ஏறின மாதிரியே செய்தான். உட்கார்ந்து காலைத் தூக்கினான், எழுந்து கையைத் தூக்கினான். தலை போய் மட்டைக்குள் சொருகிக்கொண்டது. “இதுக்கு மேல போகலீங் மாமா!” என்று மட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“வண்டியத் திருப்புங்கடா” என்றார் சென்னியப்பன்.

நாற்பது அடி உயரத்திலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். வாய்க்கால் தெரிந்தது, மாரியம்மன் கோயில் தெரிந்தது, தன் பதினாறாவது வரன் காரை நோக்கி நடப்பதும் தெரிந்தது. நாச்சிமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொன்னது எதையாவது செய்யாமல் விட்டேனா? ஒன்றைக்கூட விடவில்லையே. அப்படியிருந்தும் ஏன் இப்படி? தேய்த்த சட்டியில் தன் முகம் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே அழுதான்.

செல்வநாயகி மட்டும் காருக்குப் போகவில்லை. கருவியில் எழுதியிருந்த கம்பெனிப் பேரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தவள், மரத்தடிக்கு வந்து நின்று கூப்பிட்டாள். “ஏனுங், அவசரம் வேண்டாமுங். மொதப் பாகத்த முழுசாப் பாத்தீங்ளா?”

மேலே அழுகை நின்றது. மட்டைகள் சலசலத்தன. “மச்சான்! காணொளி அம்மா கீழ நிக்கறாங்! அந்தக் குரல்தானுங்!”

ஊர் திரும்பிப் பார்த்தது. செல்வநாயகிக்கு வெட்கமாகிவிட்டது. “அந்தக் கம்பெனியிலதானுங் வேலை. கையேடு எழுதறதும் நான்தான், காணொளியில பேசறதும் நான்தான். இன்னிக்கு இங்க வர்றதுக்குன்னு லீவு போட்டுட்டு வந்தேன்.”

“பத்தொம்பது தடவ பாத்தனுங்!” என்று மேலிருந்து பதில் வந்தது. “அஞ்சாவது நிமிசத்துல நீங்க இருமுனீங்ளே, அப்ப நானும் இருமினனுங்!”

செல்வநாயகி அப்படியே நின்றுவிட்டாள். மூன்று வருடமாகப் பேசுகிறாள். அவள் காணொளியை ஜனங்கள் அரை நிமிடம் பார்ப்பார்கள், ஓட்டி ஓட்டிக் கடைசிக்குப் போவார்கள், கருவியைத் தப்பாக மாட்டி விழுந்துவிட்டு வந்து அவளைத் திட்டுவார்கள். முதலாளி ஒரு நாளும் கேட்டதில்லை. அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள். “நல்லாருக்குது கண்ணு” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார். அவள் எழுதின ஒவ்வொரு வரியையும் மதித்து, கொண்டை உட்பட, அப்படியே செய்த ஒரே மனிதன் இந்த உலகத்தில் மட்டைக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நான் சொல்றனுங். மொதல்ல எந்திரிச்சு நில்லுங்” என்று ஆரம்பித்தாள்.

கிட்டுசாமி குறுக்கே வந்தார். “மன்னிச்சுக்கோணும் அம்மிணி. கீழ நின்னு சொன்னா அது பேச்சு. போன்ல சொன்னாத்தான் அது காணொளி.”

அவளும் மறுக்கவில்லை. எண்ணை வாங்கி, மரத்தடியில் நின்றபடியே நாச்சிமுத்துவின் கைபேசிக்குப் பேசினாள். கம்பெனிக் குரலிலேயே சொன்னாள். எழுந்து நிற்கவும். மேல் சட்டத்தை ஒரு முழம் கீழே இறக்கவும். உட்காரவும். கீழ்ச் சட்டத்தைக் காலால் தளர்த்தி ஒரு முழம் இறக்கவும். நாற்பது அடியும் அப்படி ஒவ்வொரு முழமாக வந்தான். நடுவில் அவளுக்கு விக்கல் எடுத்தது. அவனும் விக்கினான். பதினொன்றரை மணிக்கு நாச்சிமுத்துவின் கால் மண்ணைத் தொட்டது.

மகள் அப்பாவிடம் போனாள். “எனக்கு இவரப் புடிச்சிருக்குதுங்ப்பா.”

“எளநி எங்க கண்ணு?”

“எளநி கடையில வாங்கிக்கலாமுங்ப்பா. சொன்னதக் கேக்கற ஆளு கடையில கெடைப்பாங்ளா?”

சென்னியப்பன் யோசித்தார். அவர் சம்சாரமும் இதையேதான் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாச்சிமுத்துவின் முன்னால் வந்து நின்றார். “தம்பி, உங்களுக்குச் சம்மதமுங்ளா? சரின்னு ஒரு வார்த்த சொல்லீட்டீங்னா இப்பவே தட்டு மாத்திரலாம்.”

ராமாத்தாள் தாம்பாளத்தோடு ஓடி வந்தாள். நாச்சிமுத்து சந்தோஷத்தில் திக்குமுக்காடி, ‘ச’ என்று வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து கைபேசி மணியடித்தது.

ஆறுக்குட்டி எட்டிப் பார்த்துக் கத்தினார். “ரெண்டாம் பாகம் வந்திருச்சு!”

கம்பெனி ஆள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். செல்வநாயகி எப்போதோ பேசி முடித்து மேசையில் போட்டு வைத்திருந்ததைத் தேடி எடுத்துப் போட்டிருந்தான். ஊரே கூடிக் கேட்டது. “வணக்கம். இறங்கும் முறை, இரண்டாம் பாகம். தொடங்கும் முன், நீங்கள் மரத்தின் உச்சியில் இருக்கிறீர்களா என்பதை உறுதி செய்துகொள்ளவும்.”

“மாப்ள, நீ எங்க இருக்கற?” என்று கேட்டார் கிட்டுசாமி.

“கீழ இருக்கனுங் மச்சான்.”

“அப்ப உறுதியாகலியே.”

நாச்சிமுத்து செல்வநாயகியைப் பார்த்தான். கட்டிக்கொள்ளப் போகிறவளின் வார்த்தை, அதுவும் முதல் நாளே தட்டலாமா? கருவியில் உட்கார்ந்து காலைத் தூக்கினான். அவள், “வேண்டாமுங்” என்று சொல்ல வாயெடுத்தாள். என் பேச்சைக் கேட்காதீர்கள் என்று, கேட்கிற ஒரே ஆளிடம் எப்படிச் சொல்வது? அவள் யோசித்து முடிப்பதற்குள் அவன் பதினைந்தடி போயிருந்தான். இந்தத் தடவை கை பழகிவிட்டது. பத்தே நிமிடத்தில் உச்சி.

மேலிருந்து காணொளிக் குரல் கணீரென்று கேட்டது. “நல்லது. இறங்கும்போது உங்கள் கவனம் சிதறக் கூடாது. ஆகவே, கைபேசியை இப்போதே அணைத்துவிடவும்.”

நாச்சிமுத்து அணைத்துவிட்டான். தோப்பு அமைதியாகிவிட்டது.

செல்வநாயகி இரண்டு கையையும் வாயருகே குவித்து, “எந்திரிச்சு நில்லுங்!” என்று கத்திப் பார்த்தாள். “கவனம் செதறக் கூடாதுன்னு நீங்கதானுங் சொன்னீங்!” என்று மேலிருந்து பதில் வந்தது. அதற்குப் பிறகு அவன் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டான்.

கிட்டுசாமி சொசைட்டிச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்தார். “மாமா, வெசனப்படாதீங். இன்னிக்கு மேல்நோக்கு நாள்னு போட்டிருக்குது. அதான் மாப்ள மேல போயிட்டாரு. வெள்ளிக்கெழம கீழ்நோக்கு நாள். அன்னிக்கு எறங்கிருவாருங். அன்னிக்கே கல்யாணத்தையும் வெச்சுக்கலாம்.”

சென்னியப்பன் பொறுப்பான மனிதர். “கீழ்நோக்கு நாள்ல எவனாச்சும் கல்யாணம் பண்ணுவானா? மேல்நோக்கு நாள்லதான் வெக்கோணும்.”

“மேல்நோக்கு நாள்ல மாப்ள மேலதானுங்ளே இருப்பாரு?”

இது சென்னியப்பனுக்கு நியாயமாகப் பட்டது. முக்காலிபாளையத்துக் காற்று அப்படி. வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. உச்சியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார், மனதுக்குள் கணக்குப் போட்டார், பந்தல்காரருக்குப் போன் பண்ணினார். “கல்யாணத்துக்குப் பந்தல் வேணுமுங். ஒசரமா? நாப்பத்தஞ்சு அடி போட்டுருங்.”

செல்வநாயகி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, எனக்கும் ஒரு கருவி சொல்லீருங். மொதப் பாகம் எனக்கு மனப்பாடமுங்.”